தரைக்கு அடியில் யார் குடியிருக்கிறார்கள்?

"ராத்திரி 2 மணிக்கு மேல கட்டிலுக்கு அடியில யாரோ பிறாண்டுற மாதிரி சத்தம் வருது தம்பி" என்றுதான் அந்த அம்மா போனில் சொன்னார். போய்ப் பார்த்தால், துணி அலமாரிக்குக் கீழே தரையோடு தரையாக ஒரு சதுரப் பலகை. தூக்கியதும் நெடி முகத்தில் அடித்தது. ஈர மண், எலி மூத்திரம், செத்துப்போன ஏதோ ஒன்று. 12 வருடமாக அங்கே குடியிருக்கிறார். அந்தப் பலகையை ஒருதரம்கூடத் திறந்ததில்லை. "இதுக்குள்ள ஆள் போவாங்களா?" என்றார். போவோம். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் பாதி நாள் வயிற்றில் தவழ்வதுதான்.

தூண்களின் மேலோ குட்டைச் சுவர்களின் மேலோ மரத்தரை போட்டுக் கட்டிய வீடுகளில், தரைக்கும் மண்ணுக்கும் நடுவே 2, 3 அடி உயரத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். குழாயும் ஒயரும் அதன் வழியாகத்தான் ஓடும். கிரால் ஸ்பேஸ் என்பார்கள். நான் தரையடி என்றே சொல்கிறேன். இருட்டு, ஈரம், ஆள் நடமாட்டமும் கிடையாது. எலிக்கும் கரையானுக்கும் வேறென்ன வேண்டும்?

கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்ன மருந்து அடிப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். கீழே இறங்கியதும் நான் முதலில் தேடுவது தண்ணீரை. அந்த வீட்டில் குளியலறைக் கழிவுக் குழாயின் இணைப்பில் சொட்டு. சொட்டு விழுந்த இடத்தில் மண் குழைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்துத் தூணில் பென்சில் தடிமனுக்கு ஒரு மண்கோடு மேலே ஏறி, தரையைத் தாங்கும் கட்டையில் போய் மறைந்தது. கரையான் பாதை. காற்றுப் பட்டால் கரையானின் உடம்பு உலர்ந்துவிடும். அதனால் மண்ணிலிருந்து மரம் வரைக்கும் மூடு பாதை கட்டிக்கொண்டுதான் போகும்.

நகத்தால் 2 அங்குலம் பெயர்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடின. காலியாக இருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். சில நாள் விட்டுப் பாருங்கள். பெயர்த்த இடம் புது மண்ணால் அடைபட்டிருந்தால் கூட்டம் இன்னும் இருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மொத்தத்தையும் துடைத்துவிட வேண்டாம். எங்கிருந்து ஏறியது என்பதற்கு எங்களுக்கு அதுதான் தடயம்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் கட்டைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். மூன்று கட்டையில் கணீரென்ற சத்தம். நான்காவது 'பொத்'தென்றது. முனையை வைத்து அழுத்தினால் ஈர அட்டையில் இறங்குவதுபோல் இறங்குகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

மரத்தைக் குடைவதெல்லாம் கரையான் என்றும் நினைக்க வேண்டாம். மர எறும்பும் குடையும், ஆனால் தின்னாது. தூளை வெளியே தள்ளிக் குவித்து வைக்கும். கரையான் அரித்த பொந்தில் மண் அப்பியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வீட்டுக்குள் திடீரென்று ஈசல், அதாவது இறகு முளைத்த கரையான், கிளம்பினால், இல்லை ஜன்னலோரம் இறகுகள் கொட்டிக் கிடந்தால், உடனே தரையடியைப் பாருங்கள். ஈசலுக்கு நாலு இறகும் ஒரே நீளம், இடுப்பு தடிமன். இறகு முளைத்த எறும்புக்கு முன்னிறகு நீளம், இடுப்பு ஒடிசல்.

இனி அந்தப் பிறாண்டல். அது எலி. எனக்கு முன்னால் வந்த யாரோ விஷக்கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ரத்தம் உறையவிடாமல் செய்கிற வகை அது. தின்ற எலி சட்டென்று சாகாது, சில நாள் நடமாடிவிட்டுக் கை எட்டாத மூலையில் போய்ச் சாகும். 'தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும்' என்று சொல்லி விற்பார்கள், நம்பாதீர்கள். இங்கே தரைக்கு அடியில் வெப்பத் தடுப்புக்கு வைத்த இன்சுலேஷன் பஞ்சுக்குள் செத்துக் கிடந்தது. அந்த எலியைப் பூனையோ ஆந்தையோ தின்றால் அதற்கும் ஆபத்து. என் கட்சி எப்போதும் பொறிதான். சுவரோரமாக, இரை வைக்கும் பக்கம் சுவரைப் பார்க்க வையுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். முதல் சில நாள் பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுண்டெலிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். 6 மில்லிமீட்டர் போதும். பெரிய எலிக்கு 12. ஓட்டை அடைக்கும் ஸ்ப்ரே நுரையை மட்டும் அடித்து அடைத்தால் கடித்துத் துப்பிவிட்டு வரும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஸ்டீல் வூல் என்கிற இரும்பு இழைப் பஞ்சைத் திணித்து மேலே இடைவெளி அடைக்கும் சீலன்ட் பசையைப் பூசுங்கள். காற்றுத் துளைகளுக்கு 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண் வைத்த கம்பி வலை. பொறி ஒரு வாரம் தொடர்ந்து காலியாக இருந்த பிறகே கடைசி ஓட்டையை மூட வேண்டும். முந்திவிட்டால் உள்ளே அடைபட்டுச் சாகும், மறுபடி அதே நாற்றம்.

எலிப்புழுக்கையை மட்டும் பெருக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் துடைப்பத்தால் பெருக்கியவன்தான் நானும். நினைத்தால் இப்போதும் உதறுகிறது. சில வகை எலிகள் ஹான்டா என்ற உயிருக்கே ஆபத்தான வைரஸைச் சுமக்கின்றன, புழுக்கைத் தூசியோடு பறந்து மூச்சில் ஏறும். அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறை, என்95 முகமூடி போட்டுக்கொண்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் வழித்தெடுங்கள்.

பூச்சி மருந்துப் புகை கக்கும் டப்பாவை வாங்கி உள்ளே உருட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் புகை விரிசலுக்குள் போகாது; கரப்பான் நாலாபுறமும் சிதறும், அவ்வளவுதான். பக்கத்தில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். தரையடிக் காற்றில் ஒரு பகுதி மேலே வீட்டுக்குள்தான் ஏறும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த வீட்டில் முதல் நாள் வந்தது பிளம்பர். பிறகு, கட்டியவர்கள் விட்டுப்போன பலகைத் துண்டுகளையும் அட்டைகளையும் மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தோம். மண்ணில் கிடக்கும் மரத்துண்டு கரையானுக்கு வைத்த விருந்து. கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, குழாயை நீட்டித் தள்ளி விட்டோம். மண்ணின் ஈரம் மேலே ஏறாதபடி, மண்மேல் 0.15 மில்லிமீட்டர் தடிமன் பாலித்தீன் ஷீட்டை, ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து டேப் ஒட்டினோம். ஷீட்டைச் சுவரில் ஏற்றும்போது மேலே 3 அங்குலம் வெறும் சுவர் தெரிய விடுவது என் வழக்கம். ஷீட்டுக்குப் பின்னால் கரையான் ஏறினாலும் அந்தப் பட்டையைக் கடந்துதான் மரத்தைத் தொட முடியும். டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சையும் பிடிக்காது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மண்ணுக்குக் கரையான் மருந்து. அதை உரிமம் உள்ளவர்களிடமே விடுங்கள், பக்கத்தில் கிணறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்களே இறங்கிப் பார்ப்பதானால் மேலே ஒருவர் நிற்கட்டும். தண்ணீர் தேங்கி அதில் ஒயர் தொங்கினால் இறங்கவே வேண்டாம். பாம்புச் சட்டை கண்ணில் பட்டாலும் அப்படியே திரும்பிவிடுங்கள். எலி இருக்கிற இடத்துக்கு அது வரத்தான் செய்யும்.

அடுத்த மாதம் போனபோது, நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா பலகையைத் தூக்கி வைத்துவிட்டு டார்ச்சோடு நின்றார். "தூண்ல மறுபடி கோடு ஏறியிருக்கா, பாரு தம்பி." ஏறவில்லை. பொறிகளும் காலி. சமையலறைக்கு அடியில் மட்டும், ஷீட்டின் மேல், உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ஒரு ஈரம்.