ஆறாம் மாடியா, ஏழாம் மாடியா?

போயா விடுமுறையன்று காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுகொண்டிருந்தபோது, உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் என் மருமகன் கேட்டான்: "1969இலேயே நிலவில் மனிதரை இறக்கினார்கள். இப்ப வெறும் பெட்டியை இறக்க ஏன் மாமா இவ்வளவு கஷ்டம்?"

பாதி விடை அவனுக்கே தெரியும். நிலவில் காற்றில்லை, பரசூட் உதவாது. செக்கனுக்கு சுமார் 1.7 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றும் கலத்தை எஞ்சினை எரித்தே நிறுத்த வேண்டும். பூமியிலிருந்து சமிக்ஞை போய்த் திரும்ப இரண்டரைச் செக்கன் ஆவதால், கடைசி நிமிடங்களில் கலம் சொந்தப் புத்தியில்தான் இறங்க வேண்டும். 1969இல் அந்தப் புத்தி ஆம்ஸ்ட்ரோங்குடையது. கணினி கொண்டுபோன இடம் பாறைக் காடாக இருக்கக் கண்டு, கையால் ஓட்டித் தாண்டிப் போய் இறக்கினார்.

சரி, ஆளில்லாத கலத்துக்குத் தன் உயரம் எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நான் இருக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடியில், லிப்டில் மாடி எண் காட்டும் விளக்கு மாதக்கணக்காகப் பழுது. புறப்படும்போது உடம்பு கொஞ்சம் பாரமாகும், நிற்கப்போகும்போது இலேசாகும். இடையில் செக்கன்களை மனதுக்குள் எண்ணி மாடியை ஊகிப்பேன். ஒருநாள் ஆறாம் மாடியில் இறங்கி, யாருடையதோ கதவில் என் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றேன்.

கலத்தின் ஆர்முடுகல்மானி செய்வதும் இதையேதான். ஆர்முடுகல் என்றால் வேகம் மாறும் வீதம். ஆர்முடுகலைக் கூட்டிக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தூரம். ஆர்முடுகலில் ஒரு மீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் கணக்கு 180 மீற்றர் விலகிவிடும். கொழும்புத் தாமரைக் கோபுரத்தில் பாதி!

அதனால் இன்னொரு சாட்சி தேவை. உயரமானி ராடர் அலையையோ லேசரையோ நிலத்துக்கு அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு உயரம் சொல்லும். இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் யாரை நம்புவது?

2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்தின் கலம் நிலவின் அட்லஸ் பள்ளத்தருகே இறங்கப் போனது. ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் கீழே நிலம் சுமார் 3 கிலோமீற்றர் சடாரென்று தாழ்ந்தது. உயரமானி உள்ளதைச் சொன்னது. ஆனால், தன் கணக்கிலிருந்து இவ்வளவு விலகினால் உயரமானிதான் பழுது என்று கொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அது முட்டாள்தனமான விதியும் அல்ல, கருவி பிழைத்தாலும் கலம் தடுமாறக் கூடாதே. ஆக, உண்மை சொன்ன சாட்சி ஒதுக்கப்பட்டது. "தரை வந்துவிட்டது" என்று கணினி நினைத்த இடத்தில், தரை இன்னும் சுமார் 5 கிலோமீற்றர் கீழே. 14 தாமரைக் கோபுரங்கள்! அந்த அந்தரத்தில், பூப்போல மெதுவாக, எரிபொருள் தீரும்வரை இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் விழுந்தது.

வடை சுற்றித் தந்த தாளில் மருமகன் கணக்குப் போட்டான். நிலவின் ஈர்ப்பு ஆர்முடுகல் 1.62, உயரம் 5,000 மீற்றர். மோதும் வேகம் செக்கனுக்கு 127 மீற்றர், அதாவது மணிக்கு 450 கிலோமீற்றருக்கு மேல்.

இறங்குமிடத்தை இடையில் மாற்றியிருந்தார்கள், புதிய பாதையின் மேடுபள்ளம் ஒத்திகைகளில் சரியாகச் சேரவில்லை. இதை ஒரு மாதத்தில் நிறுவனமே வெளியே சொன்னது, அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஒத்திகைக்குச் செலவழித்த காசு கண்ணுக்குத் தெரியாது. எந்த ஆய்வுத் திட்டத்திலும் முதலில் அதில்தான் கைவைப்பார்கள் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

2019இல் விழுந்த இந்தியா, சந்திரயான்-3இல் லேசர் வேகமானி, உறுதியான கால்கள், கூடுதல் எரிபொருள் எல்லாம் சேர்த்து 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு இறக்கியது. நல்ல நேரம் பார்த்தார்களா என்று எங்கள் பெரியம்மா கேட்டார். பார்த்தார்கள்தான் பெரியம்மா, இறங்குமிடத்தில் சூரியன் உதிக்கும் நேரத்தை. சூரிய மின்தகடுகளுக்கு 14 நாள் வெயில் முழுதாகக் கிடைக்க வேண்டுமே.

ஐஸ்பேஸ் 2025 ஜூனில் மறுபடி முயன்றது. இந்தத் தடவை லேசர் உயரமானி முதல் சரியான அளவைத் தருவதற்கே பிந்திவிட்டது. வேகத்தைக் குறைக்க நேரம் போதாமல் கலம் நிலவில் மோதியது.