குழலில் வெட்டியிருக்கும் எண்ணை நம்பி ரைஃபிள் வாங்காதீர்கள்

பழைய இங்கிலீஷ் ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், சிலருக்குத் தூக்கம் போய்விடும். வேறு யாரிடமும் இல்லாத போர் (குழலின் உள் விட்டத்தைச் சொல்லும் எண்) என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பதும் விற்பதும் என் தொழில். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என் மேஜைக்கு வருகிறார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பாதிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நம் நாட்டில் இத்தனை விசித்திரமான போர்கள் சுற்றுவதற்குக் காரணம் ஒரு தடை உத்தரவு. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் அன்றைக்குக் கலகக்காரர்கள் கையிலும் இருந்தன. அவற்றின் போர் 450, அதாவது 0.450 அங்குலம். வேட்டைக்கு வரும் 450 தோட்டாக்களின் குண்டுகள் அவற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு, 1907 வாக்கில் 450 போர் ரைஃபிள்களை இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவரத் தடை போட்டது. யானைக்கும் காட்டெருமைக்கும் 450 விற்றுக்கொண்டிருந்த லண்டன், பர்மிங்ஹாம் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஜோசப் லாங் கம்பெனி 470-ஐ முன்னால் வைத்தது. ஹாலண்ட் 500/465-ஐக் கொண்டுவந்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476, ஜெஃப்ரி தனக்கென்று ஒரு 475. ஒவ்வொருவருக்கும் தனித் தோட்டா. ஒரு கம்பெனியின் ரைஃபிளை வாங்கியவர் தோட்டாவுக்கும் அதே கம்பெனியைத்தான் தேடி வரவேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கின் விளைவைத்தான் இன்றைக்கு நாம் அனுபவிக்கிறோம். கம்பெனி வைத்த எண் ஒன்று, குண்டின் உண்மையான விட்டம் வேறு. 318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் போகும் குண்டு 0.330 அங்குலம். 404 ஜெஃப்ரியில் 0.423. 425-இல் 0.435. 470-இல் 0.474. 416 ரிக்பி மட்டும்தான் சொன்ன சொல் தவறாமல் 0.416. 275 என்று எழுதியிருந்தால் அது ரிக்பியின் 275 ஆகவும் இருக்கலாம், ஹாலண்டின் 275 மேக்னம் ஆகவும் இருக்கலாம். ரிக்பியின் 275 என்பது ஜெர்மானிய 7x57 மவுசர்தான். உலகம் முழுக்க இன்றும் அதற்குத் தோட்டா அடிக்கிறார்கள். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசாகக் கொடுத்ததும் ஒரு ரிக்பி 275-தான். ஹாலண்டின் 275 மேக்னமோ உறையின் அடியில் பெல்ட்போல் வளையம் வைத்த, முற்றிலும் வேறான தோட்டா. இரண்டுக்கும் உறவே கிடையாது.

எனக்கு மிக அதிகமாகத் தலைவலி தருவது 400. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் குடும்பம் ஒன்றின் டபுள் பேரல் ரைஃபிளை வாங்க நினைத்த ஒருவர், அதைக் கடைக்கு எடுத்துவர ஏற்பாடு செய்தார். லைசென்ஸ் புத்தகத்தில் “400 போர் ரைஃபிள்”. குழலின் மேலே கம்பெனி பெயர், பூவேலை, அழகாக இருந்தது. ஆனால் 450/400 என்ற ஒரே பெயரில் மூன்று தோட்டாக்கள் உண்டு. ஒன்றின் உறை 3¼ அங்குலம், இன்னொன்று 3 அங்குலம், மற்றொன்று 2⅜ அங்குலம். 3 அங்குலத் தோட்டா ஜெஃப்ரி 1902-இல் கொண்டுவந்தது. மற்ற இரண்டும் கருமருந்துக் காலத்தில் பிறந்தவை, பிறகுதான் கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறின. ஒன்று இன்னொன்றுக்கு ஆகாது. வாங்குபவரோ தோட்டா ஏற்பாடாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். எந்த நீளம் என்று கேட்டேன். 400 என்றார்.

இதுபோன்ற ரைஃபிளைக் கையில் வாங்கியதும் நான் மேல்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, தலைகீழாகத் திருப்புவேன். சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கு, அடியில் தட்டையான இடம் இருக்கும். லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரைகள் அங்கேதான். “கார்டைட் 60 – 400 மேக்ஸ்” என்று இருந்தால், அதிகபட்சம் 60 கிரெய்ன் கார்டைட் மருந்து, 400 கிரெய்ன் குண்டு என்று பொருள் (கிரெய்ன் என்பது மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை). 470 என்றால் 75 – 500 என்று இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் கருமருந்துக்கு மட்டும் சோதித்த முத்திரை இருந்தால், அந்த ரைஃபிளில் நவீன மருந்துத் தோட்டாவைப் போடுவதைப் பற்றிப் பேசவே கூடாது. சரி, கார்டைட் முத்திரை இருக்கிறது, போதுமா? போதாது. 400-இல் 3 அங்குலத்துக்கும் 3¼ அங்குலத்துக்கும் இதே 60 – 400 முத்திரை வரும்.

அதனால் சேம்பரை அச்சு எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. செர்ரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை உண்டு, கொதிக்கும் தண்ணீருக்குக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். குழலுக்குள் சேம்பருக்குச் சற்று முன்னால் துணியை அடைத்து, மெல்லச் சூடாக்கி ஊற்ற வேண்டும். ஆறும்போது முதலில் சுருங்கும், அதனால் சுலபமாக வெளியே வந்துவிடும். பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும். அப்போது அளக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் அளந்தாலும் தப்பு, மறுநாள் அளந்தாலும் தப்பு. குன்னூர் ரைஃபிளின் அச்சு 3 அங்குலம் காட்டியது. அவர் ஏற்பாடு செய்திருந்த தோட்டா 3¼.

அது நுழையாது, அதனால் பெரிய ஆபத்து இல்லை. கச்சிதமாக உட்கார்ந்துவிடும் தப்பான தோட்டாதான் ஆபத்து. பழைய ஜெர்மன் 8x57 ரைஃபிள்களில் தொடக்க காலக் குழல்கள் 0.318 அங்குலக் குண்டுக்கானவை. பிறகு வந்த எஸ் வகை 0.323. புதுத் தோட்டா பழைய ரைஃபிளில் பல நேரம் நன்றாகவே நுழைந்து போல்ட்டும் மூடிவிடும். விசையை இழுத்தால், பெரிய குண்டைச் சின்னக் குழலுக்குள் திணிக்கும் அழுத்தம் முழுவதும் சுடுபவரின் முகத்துக்கு அருகில் சேரும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். டபுள் பேரலின் குழல்களைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணி அடித்ததுபோல் நீண்டு ஒலித்தால் குழல்களுக்கு நடுவிலுள்ள ஈயப்பற்று பிடிப்பாக இருக்கிறது. சத்தம் மட்டமாக, கிரகிரவென்று வந்தால் பற்று விட்டிருக்கிறது. மலைப்பகுதி ஈரத்தில் பல வருஷம் பெட்டியில் கிடந்தவற்றில் இது சாதாரணம். டபுள் ரைஃபிளின் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்குத்தான் கம்பெனியில் கையால் சரிசெய்வார்கள். அந்தப் பற்று போனால் ரைஃபிளின் பாதி மதிப்பும் போயிற்று.

குழலில் இருக்கும் பெயர் செய்தவர் பெயர் என்றும் நினைக்காதீர்கள். கல்கத்தாவின் மான்டன், ரோடா, நம் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் எல்லோரும் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் தங்கள் பெயரை வெட்டி விற்றவர்கள்தான். ரோடா என்றதும் 1914-இல் புரட்சியாளர்கள் அவர்களுடைய மவுசர் பிஸ்டல்களைக் கடத்திய கதை பலருக்கு ஞாபகம் வரும். அந்தக் கதையைச் சொல்லி விலையேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மகாராஜா வைத்திருந்தது என்று யாராவது சொன்னால் சீரியல் எண்ணைக் கேளுங்கள். ரிக்பி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனிகள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. கட்டணம் கட்டினால் யாருக்கு, எந்தப் போரில் செய்தார்கள் என்று எழுதித் தருவார்கள். அதில் உள்ள போரும் சேம்பர் அச்சும் பொருந்தவில்லை என்றால், நடுவில் யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் காகிதம். 303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட போர். அதனால்தான் 8x50 மான்லிகர் தோட்டா நம் ஊரில் 315 என்ற பெயரில் பொதுமக்களுக்கு வந்தது. பி.எஸ்.ஏ. கம்பெனி லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே 315 செய்து அனுப்பியது. பார்வைக்கு அது 303-இன் தம்பி. லைசென்ஸில் ஒரு எண் தப்பாக ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழசு என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்பதும் பாதி உண்மை. சுடவே முடியாத, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. விசையைத் தட்டினால் சுடக்கூடிய 1910 ரைஃபிள் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுகள் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பா ஞாபகமாக பீரோவில் இருக்கட்டும் என்று வைத்திருந்து, வழக்கானதும் ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்கு. அந்த இரண்டில் ஒன்றை, தோட்டாவே கிடைக்காத 476-க்குக் கொடுக்கப் போகிறீர்களா? 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதற்குக் காட்டில் வேலையும் இல்லை. இங்கிலாந்தில் தோட்டா செய்த கைநாக் கம்பெனி இந்தப் பெரிய தோட்டாக்களை 1960களில் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டது. வெளிநாட்டில் இன்று சிலவற்றைப் புதிதாக அடிக்கிறார்கள், ஆனால் இங்கே வந்துசேர்வது பெரும்பாடு. பெட்டியில் மிச்சமிருக்கும் பழையவை நம்பத்தகாதவை. சில வெடிக்காது, சில தாமதித்து வெடிக்கும். விசை இழுத்தும் சத்தம் வரவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிஷமாவது காத்திருங்கள், உடனே திறக்காதீர்கள். தோட்டா கிடைக்கும் போருக்குச் சேம்பரைக் குடைந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் கை வைப்பதில்லை.

வாங்குவதற்கு முன் கருத்துக் கேட்பவர்கள் பூவேலையைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம். விற்கும் டீலரிடமே சொல்லி, முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமும், லைசென்ஸில் போர் எழுதியிருக்கும் பக்கமும் அனுப்பச் சொல்லுங்கள். பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிடலாம்.