டிசென்ட்: அதிருப்தி அல்ல, மாறுகோள்

ஒன்பது உறுப்பினர்கள் உள்ள ஒரு சிறு நகர மன்றம். குடிநீர் மோட்டாரைப் பழுதுபார்க்க ஒரே ஒரு விலைப்புள்ளி வந்திருக்கிறது. "இன்னொரு விலைப்புள்ளி வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் ஒதுக்கலாம்" என்கிறார் ஓர் உறுப்பினர். மற்ற எட்டுப் பேரும் கையைத் தூக்குகிறார்கள், தீர்மானம் நிறைவேறுகிறது. மறுநாள் செய்தியில் அவர் 'அதிருப்தி உறுப்பினர்' ஆகிவிடுகிறார்.

அவர் செய்த செயலுக்கு ஆங்கிலத்தில் டிசென்ட் என்று பெயர். அதை அதிருப்தி என்று பெயர்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. திருப்தி என்ற வடசொல்லுக்கு நிறைவு, வயிறு நிறைந்த நிலை என்று பொருள். அதிருப்தி என்றதும், இவருக்கு ஏதோ கிடைக்கவில்லை, அதனால்தான் பேசுகிறார் என்று தோன்றிவிடுகிறது. அவர் கேட்டதோ தனக்காக அல்ல. ஊர்ப் பணத்தைப் பற்றிக் கேட்டார்.

டிசென்ட் லத்தீன் வழி வந்தது. 'டிஸ்' என்றால் விலகி. 'சென்டீரெ' என்றால் உணர்தல், கருதுதல். கன்சென்ட் அதன் உடன்பிறப்பு: சேர்ந்து கருதுவது. வேர் ஒன்றுதான், முன்னொட்டு மட்டுமே வேறு.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்களை டிசென்டர்கள் என்றார்கள். 1661இல் வந்த கார்ப்பரேஷன் சட்டம், அத்திருச்சபை முறைப்படி நற்கருணை என்னும் புனித அப்பம் பெறாதவர் நகராட்சிப் பதவிக்கு வரக்கூடாது என்றது. வழிபாட்டில் மாறுபட்டவருக்கு ஊர்க்கணக்கைக் கேட்கும் நாற்காலியும் இல்லை! அந்தத் தடை 1828 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஏழே ஆண்டுகளில், 1835இல், வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களும் தணிக்கைக்கு உட்பட்ட கணக்கும் சட்டமாயின.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? எதிர்ப்பு பொருந்தாது, எதிர்ப்பவர் தெருவிலும் எதிர்க்கலாம், காரணம் சொல்லாமலும் எதிர்க்கலாம். மறுப்பில் காரணம் இருந்தாலும் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கருத்து வேறுபாடு கணவன் மனைவிக்குள்ளும் வரும். நீதிமன்றச் செய்திகளில் 'மாறுபட்ட தீர்ப்பு' என்று எழுதுகிறோமே, அதுதான் சரியான திசை.

உடன்படு, மாறுபடு என்ற இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 'படு' பொது. கன்சென்ட், டிசென்ட் போலவே ஒரு வினையின் இரு கிளைகள். இதைப் பெயர்ச்சொல்லாக்க எனக்குப் பிடித்த வடிவம் நன்னூலில் இருக்கிறது. நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதத்தை, அதாவது கொள்கை நிலைகளை, அது அடுக்குகிறது. 'உடன்படல்' முதலாவது, உடனே அடுத்தது 'மறுத்தல்'. ஐந்தாவது, 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே': இருவர் வேறுவேறாகக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிந்து, அதாவது முடிவு செய்து, ஏற்பது. அடுத்த நூற்பா பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று 'மாறுகொளக் கூறல்'. ஒருவரே முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால் குற்றம். இருவர் மாறுபட்டு நிற்பது குற்றமே இல்லை, துணிவுக்கு வழி. மாறுகோள் என்ற சொல்லை மன்றத்துக்குள் அழைத்துவர இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மாறுபட்ட உறுப்பினர் தன் காரணத்தை எழுதித் தரும் டிசென்ட் நோட் என்பதை மாறுகோள் குறிப்பு எனலாம்.

அமெரிக்க நகர மன்றங்களில் கன்சென்ட் அஜெண்டா என்று ஒன்று உண்டு. வழக்கமான பில்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே கட்டாக, விவாதமின்றி, ஒரே வாக்கில் நிறைவேறும். தமிழில் உடன்பாட்டு நிரல் எனலாம். பொதுவாக, ஓர் உறுப்பினர் கேட்டாலே ஏதாவது ஒன்றை அந்தக் கட்டிலிருந்து பிரித்துத் தனியே விவாதிக்க வைக்கலாம். மாறுகோள் பயன்படுவது இங்கேதான், வாக்கெடுப்புக்கு முன்னாலேயே.

ஏகமனதாக என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். ஏகம் என்றால் ஒன்று. ஒருமனதாக என்றாலும் அதே பொருள். ஒன்பது பேரில் ஒருவர் கை தூக்காதபோது அது பொய்யான பதிவு. அந்த மோட்டார் தீர்மானம் கூட்டக் குறிப்பில் இப்படி ஏறியிருக்க வேண்டும்: "ஆதரவு எட்டு. மாறுகோள் ஒன்று. காரணம்: இரண்டாவது விலைப்புள்ளி பெறப்படவில்லை."