புளூட்டோனியம் பிட்: குழி இல்லைங்க, கொட்டை

அமெரிக்கா அணு ஆயுத ஆலைகளை நவீனமயமாக்குதுன்னு செய்தி வந்தாலே கூடவே "பிட்"ங்கிற சொல்லும் வரும். அகராதியைப் புரட்டி "குழி"ன்னு போட்டுட்டா மொத்த விஷயமும் கோணலாயிடும். இங்கிலீஷ்ல ஒரே ஸ்பெல்லிங்ல (pit) ரெண்டு பிட் இருக்கு, குழிங்கிற பிட் லத்தீன்ல கிணத்தைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது, இன்னொண்ணு டச்சுக்காரங்க விதைக்குச் சொல்றது, அமெரிக்காவுல பீச், செர்ரி பழத்தோட கொட்டைக்கு இதைத்தான் சொல்வாங்க. அணுகுண்டுக்குள்ள இருக்கறது இந்தக் கொட்டைதான். நடுவுல புளூட்டோனியம்ங்கிற கதிரியக்க உலோகத்துல ஒரு உருண்டை, சுத்திலும் வெடிமருந்து, அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல வெடிச்சு உருண்டையை உள்பக்கமா நசுக்கும்போது அணுக்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பிளக்கற தொடர்வினை பத்திக்கும். நாகசாகியில போட்ட குண்டுல இருந்தது சுமார் 6 கிலோ புளூட்டோனியம், அவ்வளவுதான்.

இந்தக் கொட்டையை ஆயிரக்கணக்குல செஞ்சது டென்வர் பக்கத்துல இருந்த ராக்கி ஃப்ளாட்ஸ் ஆலை. புளூட்டோனியத் துருவல் காத்து பட்டாலே தீப்பிடிக்கும், அதனால மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையுறை வழியா கைய விட்டுத்தான் வேலை செய்யணும், அப்படியும் 1957லயும் 1969லயும் பெரிய தீ விபத்து நடந்துச்சு. 1989 ஜூன்ல சுற்றுச்சூழல் குற்றத்துக்காக எஃப்பிஐயே ரெய்டுக்கு வந்தது, அந்த வருஷமே உற்பத்தி நின்னுபோச்சு.

இப்ப நவீனமயமாக்கல்னு சொல்றதுல முக்கியமான பங்கு இந்தக் கொட்டையை மறுபடி செய்யறதுதான், பழைய மெஷினை மாத்துறது மட்டும்னு நினைச்சுடக் கூடாது. நியூ மெக்சிகோவுல இருக்கற லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல வருஷத்துக்கு 30, தென் கரோலினாவுல சவன்னா ரிவர் ஆலையில 50, ஆக 2030க்குள்ள 80ங்கிறது சட்டம் வச்ச இலக்கு, சவன்னா ரிவர் அந்தத் தேதிக்குள்ள முடிக்காதுன்னு 2021லயே ஒத்துக்கிட்டாங்க. புது ஏவுகணைக்கான டபிள்யூ87-1 ஆயுதத்துக்கு லாஸ் அலமோஸ்ல முதல் பிட் 2024 அக்டோபர்ல தயாராச்சு. ஆனா 2006லயே அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்ற ஜேசன் விஞ்ஞானிகள் குழு, பெரும்பாலான பழைய பிட்டு 100 வருஷத்துக்கு மேல தாங்கும்னு சொல்லுச்சு, அதே குழு 2019ல உற்பத்தியை சீக்கிரம் ஆரம்பிங்கன்னும் சொல்லுச்சு. இருந்தாலும் இவ்வளவு காசையும் கொட்டி, ஆபத்தையும் இழுத்துக்கிட்டு புதுசா செய்யற அவசரம் எனக்கு சரியாவே படல.

தமிழ்ல என்ன சொல்லலாம்? "கரு"ன்னு போட்டா அணுக்கருவோட குழம்பும், "உள்ளகம்"னா ரியாக்டர் ஞாபகம் வரும். "புளூட்டோனியக் கொட்டை"தான் மூலச்சொல்லுக்கும் பொருளுக்கும் பொருந்துது. உற்பத்தியை "கொட்டை வார்ப்பு"ன்னே சொல்லலாம், ஏன்னா லாஸ் அலமோஸ்ல உலோகத்தை உருக்கி அச்சுல வார்த்து, அப்புறம் கடைஞ்சுதான் செய்யறாங்க.