மங்கும் ஒளியின் சாய்வு

ஜிஆர்பி 970228. வானத்தில் சட்டென்று பளிச்சிட்டு மறையும் காமா கதிர் வெடிப்புகளுக்கு இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். ஜிஆர்பி என்பது ஆங்கிலச் சுருக்கம். பின்னால் வரும் எண்கள் அது பதிவான தேதி: 1997, இரண்டாம் மாதம், 28. எந்த விண்மீன், எந்த மண்டலம் என்ற விவரம் எதுவும் பெயரில் இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வானியலாளர்களிடம் உறுதியாக இருந்ததே அந்தத் தேதி ஒன்றுதான். என்றைக்கு வந்தது என்று சொல்ல முடிந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை.

முதல் வெடிப்பு 1967 ஜூலை 2 அன்று வேலா செயற்கைக்கோள்களில் பதிவானது. விண்வெளியில் யாராவது ரகசியமாக அணுகுண்டு சோதனை நடத்துகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பியவை அவை. பதிவானது அணுகுண்டு இல்லை, பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வந்ததும் இல்லை என்பது தெளிவாகி, 1973-ல்தான் செய்தி கட்டுரையாக வெளிவந்தது. 1991-ல் ஏவப்பட்ட காம்ப்டன் விண்ணாய்வகம் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவுசெய்தது. அவை வானம் முழுவதும் சீராகப் பரவியிருந்தன. நம் பால்வழி மண்டலத்தின் பட்டையை ஒட்டி ஒரு குவியல்கூட இல்லை. மிகத் தொலைவிலிருந்து வருகின்றன என்பதற்கு இது நல்ல அடையாளம்தான். ஆனால் தொலைவை அளக்க வழி இல்லை. காமா கதிரைச் சாதாரண ஆடியால் குவிக்க முடியாது. எனவே வந்த திசையைத் தோராயமாகத்தான் குறிக்க முடியும். அந்தத் தோராயமான வான்பரப்பில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கிடக்கும். வெடிப்போ சில நொடிகளில் முடிந்துவிடும்.

970228 அந்த முட்டுக்கட்டையை உடைத்தது. இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், வெடிப்பு முடிந்து எட்டு மணி நேரத்தில் தன் எக்ஸ்-கதிர் தொலைநோக்கியை அந்தத் திசையில் திருப்பியது. அங்கே ஒரு புதிய எக்ஸ்-கதிர்ப் புள்ளி இருந்தது. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அது இருபதில் ஒரு பங்காக மங்கியிருந்தது. லா பால்மா தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியின் படத்தில் அதே இடத்தில் கண்ணுக்குரிய ஒளியும் தெரிந்தது, அதுவும் மங்கிக்கொண்டே வந்தது. இதைத்தான் பின்னொளி என்கிறோம். அதே ஆண்டு மே மாதம் வந்த 970508-இன் பின்னொளியைக் கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்தபோது செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) 0.835 என்று கிடைத்தது. பல நூறு கோடி ஒளியாண்டுகள் தொலைவு. பெரிய கேள்வி ஒரே நிறமாலையில் தீர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. பின்னொளி முகவரியைச் சொன்னதோடு நிற்கவில்லை. அது எந்த வேகத்தில், எந்த நிறத்தில் மங்குகிறது என்பதைக் கவனமாக அளந்தால், வெடித்த பொருளின் வேகம், வடிவம், சுற்றுப்புறம் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் வேகம். காமா கதிர் வெடிப்பின் ஒளி மில்லி நொடிக் கணக்கில் ஏறி இறங்கும். ஒரு மில்லி நொடியில் ஒளி செல்லும் தூரம் 300 கிலோமீட்டர். ஒரு பொருள் அதைவிடப் பெரியதாக இருந்தால், அதன் ஒரு முனையின் ஒளியும் மறுமுனையின் ஒளியும் வெவ்வேறு நேரத்தில் வந்து அந்த ஏற்ற இறக்கத்தை மழுங்கடித்துவிடும். அப்படியானால் மூலம் 300 கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஆனால் இவ்வளவு ஆற்றலை அந்தச் சின்ன இடத்தில் அடைத்தால் காமா ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறிவிடும். உயர் ஆற்றல் காமா கதிர் வெளியே வரவே முடியாது. ஆனால் வருகிறதே!

இதற்கு விடை, மூலம் நம்மை நோக்கி ஒளியின் வேகத்துக்கு வெகு அருகில் பாய்ந்து வருகிறது என்பது. அப்போது மூலத்தோடு சேர்ந்து நகர்பவருக்கு ஒவ்வொரு ஃபோட்டானும் குறைந்த ஆற்றலோடுதான் இருக்கும், இணைகளை உருவாக்க அது போதாது. நமக்கு மட்டும் அது பன்மடங்கு கூடித் தெரியும். மூலத்தின் அளவும் 300 கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டியதில்லை. எவ்வளவு வேகம் என்பதை லாரன்ட்ஸ் காரணி என்ற எண்ணால் சொல்வார்கள். அது குறைந்தது 100, பல வெடிப்புகளில் சில நூறுகள். காரணி 300 என்றால் ஒரு வேடிக்கையான விளைவு உண்டு: பாய்ந்துவரும் பொருள், தான் வெளியிடும் ஒளியையே கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தபடி வருவதால், அங்கே ஏறக்குறைய இரண்டு நாள் நடந்த பயணம் நமக்கு ஒரே நொடியில் நடந்ததாகத் தெரியும்.

இது வெறும் கணக்கு இல்லை, நேரடியான சான்றும் உண்டு. நம் காற்று மண்டலத்தால் விண்மீன்கள் மினுக்குகின்றன, கோள்கள் மினுக்குவதில்லை. கோள்கள் நம் கண்ணுக்குச் சற்று அகலமானவை என்பதுதான் காரணம். ரேடியோ அலைகளுக்கு விண்மீன்களுக்கு இடையிலுள்ள மின்னூட்ட வாயு அதே வேலையைச் செய்கிறது. 970508-இன் ரேடியோ பின்னொளி முதல் சில வாரங்கள் மினுக்கியது, பிறகு மினுக்கல் அடங்கிவிட்டது. அதாவது மூலம் நம் கண்ணெதிரே பெரிதாகிவிட்டது. மினுக்கல் நின்றபோது அதன் அளவு ஏறக்குறைய 1 லட்சம் கோடி கிலோமீட்டர். நாலு வாரத்தில் அவ்வளவு பெரிதாக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரிந்தாக வேண்டும்.

சரி, பின்னொளி எங்கிருந்து வருகிறது? வெடிப்பிலிருந்து பாயும் பொருள், சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் மோதி ஓர் அதிர்வலையை உண்டாக்குகிறது. பனி அகற்றும் வண்டிபோல வழியிலுள்ளதை எல்லாம் அள்ளிக்கொண்டே போகிறது, அள்ள அள்ள வேகம் குறைகிறது. இந்த வேகக் குறைவைக் கணக்கிடும் தீர்வை பிளான்ட்ஃபோர்டும் மெக்கீயும் 1976-லேயே எழுதிவிட்டார்கள், பின்னொளி ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படாத காலத்தில். அதிர்வலை எலக்ட்ரான்களை முடுக்குகிறது. அவை அங்குள்ள காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் ஒளியை வெளிவிடுகின்றன. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களில் குறைந்த ஆற்றல் உள்ளவை ஏராளம், ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை ஓர் அடுக்கு விதிப்படி, அதாவது ஆற்றல் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரே விகிதத்தில், குறையும். அந்த அடுக்கு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். 1998-ல் சாரி, பிரான், நாராயண் மூவரும் இவற்றை எல்லாம் சேர்த்து, எந்த நேரத்தில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வரும் என்ற முழுக் கணக்கையும் ஒரு சிறிய கட்டுரையில் எழுதினார்கள். இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் கற்பது அதைத்தான்.

அந்தக் கணக்கைச் சோதிக்கும் விதம் அழகானது. இரண்டு அச்சுகளிலும் ஒவ்வொரு கட்டமும் பத்து மடங்கைக் குறிக்கும் மடக்கை வரைதாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் ஒளிர்வு. பின்னொளியின் அளவீடுகளைக் குறித்தால் அவை ஒரு நேர்க்கோட்டில் விழும். எலக்ட்ரான்களின் அடுக்கு 2.4 என்று வைப்போம். சுற்றியுள்ள வாயு சீரானது என்றால் கண்ணுக்குரிய ஒளியில் கோட்டின் சாய்வு 1.05 இருக்க வேண்டும். அதாவது நேரம் பத்து மடங்கு ஆகும்போது ஒளி பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே அடுக்கு நிறமாலையின் சாய்வையும் 0.7 என்று கட்டிப்போடுகிறது. நிறமாலைச் சாய்வை ஒளியின் நிறத்திலிருந்தும் நேரச் சாய்வைக் கடிகாரத்திலிருந்தும் தனித்தனியாக அளக்கிறோம். நேரச் சாய்வு நிறமாலைச் சாய்வின் ஒன்றரை மடங்காக வந்தால் மாதிரி, அதாவது பின்னொளியை விளக்கும் அந்தக் கணக்கு, தேறியது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்-கதிரை வெளிவிடும் எலக்ட்ரான்கள் ஆற்றலை வேகமாக இழந்து குளிர்ந்துவிடும். கண்ணுக்குரிய ஒளியைத் தருபவை பல நேரம் அப்படிக் குளிர்வதில்லை. எனவே இரண்டு கோடுகளின் சாய்வும் 0.25 வித்தியாசப்படும். எது செங்குத்தாக இறங்குகிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. எக்ஸ்-கதிர் வேகமாக மங்கினால் சுற்றிலும் சீரான வாயு. கண்ணுக்குரிய ஒளி வேகமாக மங்கினால், விண்மீன் சாவதற்கு முன் தன் மேற்பரப்பிலிருந்து காற்றாக ஊதித் தள்ளிய வாயுவுக்குள் அதிர்வலை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 0.25 என்ற ஒரு வித்தியாசத்தை வைத்து, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த விண்மீனின் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேச முடிகிறது.

அப்புறம் வடிவம். 1999 ஜனவரி 23-இன் வெடிப்பு எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்ந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சூரியனின் நிறை முழுவதையும் ஆற்றலாக மாற்றினாலும் அதற்கு ஈடாகாது. எந்த விண்மீனாலும் கொடுக்க முடியாத தொகை. ஆனால் இரண்டு நாள் கழித்து அதன் கோடு மடங்கி, இன்னும் செங்குத்தாக இறங்கத் தொடங்கியது. வேகமாக வரும் பொருளின் ஒளி ஒரு குறுகிய கூம்பில்தான் நம்மை அடையும். காரணி 100 என்றால் கூம்பின் அரைக்கோணம் அரை பாகை அளவுதான். வெடிப்பு ஒரு தாரையாக, அதாவது குழாயிலிருந்து பீய்ச்சும் நீர்போலக் குறுகலாக, பாய்ந்தாலும் ஆரம்பத்தில் நமக்குத் தெரிவது அதன் நடுப்பகுதியில் ஒரு சின்னத் துண்டு. அது தாரையா முழுக் கோளமா என்று சொல்ல முடியாது. வேகம் குறையக் குறைய கூம்பு அகலமாகிறது. காரணி ஏறக்குறைய 11-க்கு இறங்கும்போது கூம்பு 5 பாகையைத் தொடும். தாரையின் அரைக்கோணமும் அதே 5 பாகை என்றால், அந்த நேரத்தில் நாம் அதன் விளிம்பைப் பார்க்கிறோம். அதற்கு வெளியே ஒளி தர எதுவும் இல்லை. உடனே ஒளி கூடுதல் வேகத்தில் குறைகிறது, எல்லா அலைநீளங்களிலும் ஒரே சமயத்தில். நம் உதாரணத்தில் சாய்வு 2.4 ஆகிவிடும். பத்து மடங்கு நேரத்தில் 250-ல் ஒரு பங்கு.

5 பாகைத் தாரைகள் இரண்டு, எதிரெதிர்த் திசையில் பாய்ந்தால் அவை வானத்தில் 260-ல் ஒரு பங்கை மட்டுமே நிரப்பும். எனவே ஆற்றல் கணக்கும் 260-ஆல் வகுபட்டு, ஒரு விண்மீனின் மையம் சரிந்து கருந்துளையாகும்போது கொடுக்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், நாம் பார்க்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் நம்மை நோக்காத 260 வெடிப்புகள் நடந்திருக்க வேண்டும்.

கண்காணிப்பு இன்று எவ்வளவோ வேகமாகிவிட்டது. 2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வெடிப்பைக் கண்டதும் தானே திரும்பி, ஓரிரு நிமிடத்தில் எக்ஸ்-கதிரில் சில வில்நொடித் (ஒரு பாகையின் 3,600-ல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) துல்லியத்தோடு இடத்தைச் சொல்லும். செய்தி போன சில நொடிகளில் தரையிலுள்ள தானியங்கித் தொலைநோக்கிகள் திரும்பத் தொடங்கும். பின்னொளி மங்குவதற்குள் பெரிய தொலைநோக்கிகள் நிறமாலை எடுத்தாக வேண்டும். 2009 ஏப்ரல் 23-இன் வெடிப்பு கண்ணுக்குரிய ஒளியில் தெரியவே இல்லை, அகச்சிவப்பில் மட்டும் இருந்தது. செம்பெயர்ச்சி 8.2. பிரபஞ்சத்துக்கு 63 கோடி வயது இருக்கும்போது புறப்பட்ட ஒளி.

வேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் மாதிரிக்குச் சோதனையும் வந்தது. ஸ்விஃப்ட் காட்டிய எக்ஸ்-கதிர்க் கோடுகள் பல, முதல் சில மணி நேரம் நேர்க்கோடாக இல்லை. செங்குத்தாக விழுந்து, தட்டையாக நீண்டு, பிறகுதான் பழக்கமான சரிவுக்கு வந்தன. இடையில் திடீர்ப் பளிச்சிடல்களும் இருந்தன. அந்தத் தட்டைப் பகுதி ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. மையத்தில் பிறந்த, வேகமாகச் சுழலும் காந்த நியூட்ரான் விண்மீன் தொடர்ந்து ஆற்றலை ஊட்டுகிறது என்பது ஒரு விளக்கம். மாதிரியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஆற்றல், வாயுவின் அடர்த்தி, எலக்ட்ரான்களுக்குப் போகும் பங்கு, காந்தப்புலத்துக்குப் போகும் பங்கு என்று பல எண்கள் ஒன்றையொன்று ஈடுகட்டக்கூடியவை. எக்ஸ்-கதிர் மட்டும் இருந்தால் வெவ்வேறு எண்கள் ஒரே கோட்டைத் தரும். ரேடியோவிலிருந்து எக்ஸ்-கதிர்வரை எல்லாம் சேர்ந்தால்தான் முடிச்சு கொஞ்சம் அவிழும். அதனால்தான் ஒரே வெடிப்பின் பின்னால் உலகம் முழுவதும் இத்தனை தொலைநோக்கிகள் ஓடுகின்றன.

2022 அக்டோபர் 9-இன் வெடிப்பில் அந்த உழைப்பு பலன் தந்தது. இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது அது. காமா உணரிகள் பல திணறிப்போயின. சீனாவின் லாசோ ஆய்வகம் முதல் 3,000 நொடிகளுக்குள் அதன் மிக உயர் ஆற்றல் பின்னொளியிலிருந்து 64,000-க்கு மேற்பட்ட ஃபோட்டான்களைப் பிடித்தது. வெடிப்பு தொடங்கி ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் கோடு மடங்கியது. அதிலிருந்து கிடைத்த தாரையின் அரைக்கோணம் 0.8 பாகை. அவ்வளவு மெல்லிய மையத் தாரை நேராக நம்மை நோக்கியிருந்தது.

எதிர்ப்பக்கச் சோதனை 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலை பூமியை அடைந்து 1.7 நொடி கழித்து, குறைந்த நேரமே நீடித்த, மங்கலான காமா வெடிப்பு ஒன்று வந்தது. இடம் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 மண்டலம். முதல் நாட்களில் எக்ஸ்-கதிர்ப் பின்னொளியே இல்லை. ஒன்பதாம் நாள்தான் சந்திரா தொலைநோக்கிக்குத் தெரிந்தது, பதினாறாம் நாள் ரேடியோவில். பிறகு மங்குவதற்குப் பதில் ஏறியது! ஏறக்குறைய 150 நாள்வரை ஏறிக்கொண்டே போனது. தாரை நமக்குப் பக்கவாட்டில் பாய்கிறது, வேகம் குறைந்து கூம்பு அகலமாக அகலமாக அதன் ஒளி மெல்ல மெல்ல நம்மை எட்டுகிறது என்றார்கள் சிலர். விண்மீன்கள் இணைந்தபோது சிதறிய பொருளைத் தாண்டித் தாரை வெளியே வரவே இல்லை, அது தள்ளிய உறைதான் ஒளிர்கிறது என்றார்கள் வேறு சிலர். ஏறும் கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கண்டம் விட்டுக் கண்டம் இணைத்த ரேடியோ தொலைநோக்கிகள் அந்தப் புள்ளி வானத்தில் நகர்வதை அளந்தன. தோற்ற வேகம் ஒளியைப்போல் நான்கு மடங்கு. ஒளிக்கு நெருங்கிய வேகத்தில், நம் பார்வைக் கோட்டுக்குச் சற்றுச் சாய்வாக வரும் குறுகிய தாரைக்குத்தான் இப்படி ஒரு தோற்றம் கிடைக்கும். உச்சத்தைத் தாண்டியதும் கோடு, தாரைக்கு எதிர்பார்த்தபடியே செங்குத்தாக இறங்கியது. ரேடியோவிலிருந்து எக்ஸ்-கதிர்வரை நிறமாலை ஒரே நேர்க்கோடு, எலக்ட்ரான்களின் அடுக்கு 2.17. ஆயிரம் நாள் கழித்தும் சந்திரா அதிலிருந்து எக்ஸ்-கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தது.