சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறதா? கருவிழியைப் படமெடுத்துப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவனுடைய அம்மா அழைத்து வந்திருந்தார். அவர் கையிலிருந்த மஞ்சள் பையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள். எல்லாம் ஒன்றரை ஆண்டுக்குள் வாங்கியவை. "எதைப் போட்டாலும் எழுத்து கலங்குகிறது என்கிறான் டாக்டர். படிக்கச் சோம்பல்பட்டுச் சொல்கிறான் என்று திட்டிவிட்டேன்" என்றார். மூன்று கண்ணாடிகளுக்கும் எழுதிய சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். வலது கண்ணின் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவின் கோணலைச் சரிக்கட்டும் பவர், ஒன்றரை, இரண்டரை, நான்கு என ஏறியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அந்தக் கண்ணை விரல் முட்டியால் அழுத்திக் கசக்கினான். உடனே கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் கார்னியல் டோபோகிராஃபி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் பகுதியைக் கருவிழி என்று சொல்கிறோமே தவிர, அதற்கு நிறம் கிடையாது. நாம் காணும் கருமை அதற்குப் பின்னால் இருக்கும் படலத்துடையது. நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழிதான், கண் ஒளியைக் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. அதனால் அதன் வளைவு கொஞ்சம் கோணினாலும் பார்வை கலங்கும்.

பரிசோதனையில் வலி இல்லை. கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுவிலுள்ள விளக்கைப் பார்த்தால் போதும். ஒளி வளையங்கள் கருவிழியில் பட்டுப் பிரதிபலிக்கும். அவை நெருங்கித் தெரியும் இடம் அதிகமாகவும், விலகித் தெரியும் இடம் குறைவாகவும் வளைந்திருக்கிறது என்று பொருள். போர்ச்சுகல் மருத்துவர் பிளாசிடோ 1880இல் கறுப்பு வெள்ளை வளையத் தட்டைக் கண்முன் பிடித்துப் பார்த்த அதே முறைதான்; இன்று கணினி அதை வண்ணப்படமாக்குகிறது. படத்தில் சிவப்பைக் கண்டதும் ரத்தக்கசிவோ என்று பலர் அஞ்சுகிறார்கள். சிவப்பு என்றால் வளைவு அதிகம், நீலம் என்றால் குறைவு, அவ்வளவுதான்.

அந்த மாணவனின் படத்தில் கீழ்ப்பாதி சிவந்திருந்தது. வழக்கமாக 43, 44 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு) இருக்கும் வளைவு அங்கே 52. கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்புபோல முன்தள்ளும் நோய். ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை இதை மேலும் முற்றாமல் நிறுத்தவே பெரும்பாலும் உதவும். இழந்த வடிவத்தை முழுதாக மீட்டுத் தராது. கருவிழி மிகவும் மெலிந்துவிட்டால் அந்த வாய்ப்பும் குறையும். ஆகவே பதின்பருவத்தில் சிலிண்டர் பவர் நிற்காமல் ஏறினால், நான்காவது கண்ணாடி வாங்குமுன் இந்தப் படத்தைக் கேட்டு எடுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். கசக்கினால் இந்த நோய் முற்றக்கூடும் என்பதால், கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு அரிப்பைத் தணிக்கும் மருந்தை முதலில் கொடுங்கள். கையைத் தட்டிவிடுவதால் அரிப்பு போகாது.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டே வரவேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி தவறான படத்தைக் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் அறுவை செய்ய நினைப்பவர்களுக்கோ, கருவிழியின் பின்புறத்தையும் தடிமனையும் சேர்த்து அளக்கும் படம் கட்டாயம் தேவை. அது இல்லாமல் யார் தேதி கொடுத்தாலும் சம்மதிக்காதீர்கள்.

அந்த மாணவனுக்குக் கிராஸ் லிங்கிங் சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது. அவனுடைய படம் மாறவில்லை. இந்த நோய் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரக்கூடும் என்பதால், சென்ற முறை தங்கையையும் அழைத்து வரச் சொல்லியிருந்தேன். அவளுக்கு இரு கண்ணிலும் வளைவு சீராக இருக்கிறது. அடுத்த ஆண்டு மீண்டும் எடுப்போம்.