திறந்த அணுக்கம்: ஆடல், அரங்க நூல்களை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாடகமும் நாட்டியமும் பயில்வோர் 'ஓப்பன் ஆக்சஸ்' என்ற குறிப்புடைய மின்னூலைப் பொதுவாக 'இலவச நூல்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். விலையின்மை அச்சொல்லின் ஒரு கூறு. அதன் உயிர்ப்பொருள் உரிமையில் இருக்கிறது.

'ஆக்சஸ்' என்பது இலத்தீன் வழிவந்த சொல்; 'அருகே செல்லுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் 'அணுகு' என்னும் வினை இதற்கு அப்படியே பொருந்துகிறது. இறுகு என்பதிலிருந்து இறுக்கமும், உருகு என்பதிலிருந்து உருக்கமும் பிறப்பதைப் போல, அணுகு என்பதிலிருந்து அணுக்கம் பிறக்கிறது. 'அணுகல்' செயலை மட்டும் சுட்டும். 'அணுக்கம்' அச்செயலால் அமையும் நெருக்கத்தையும் நிலையையும் சுட்டும். ஆகவே 'திறந்த அணுகல்' என்பதைவிடத் 'திறந்த அணுக்கம்' என்பதே எனக்குச் செம்மையாகப் படுகிறது.

இச்சொல்லுக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. அரசனுக்கோ இறைவனுக்கோ நெருங்கியிருப்பவனே அணுக்கன். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையை நெருங்கும் வாயிலுக்குத் 'திருவணுக்கன் திருவாயில்' என்று பெயர். அணுக்கம் சிலருக்கே உரியதாக இருந்த நிலையை இப்பெயர் காட்டுகிறது. 'திறந்த' என்னும் அடை அந்த வாயிலை எல்லோருக்குமாக்குகிறது. இந்த முரணே தொடருக்கு வலிமை தருவதால், 'தடையிலா அணுக்கம்' என்ற மாற்றை நான் விரும்புவதில்லை.

2002ஆம் ஆண்டு வெளியான, திறந்த அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை இக்கருத்துக்குத் தெளிவான வரையறை தந்தது. அதன்படி, ஓர் ஆக்கத்தை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கவும், பதிவிறக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும், அச்சிடவும், தேடவும் எவருக்கும் இசைவு உண்டு. ஆக்கத்தின் முழுமையைக் காப்பதும், உரிய முறையில் தம் பெயர் சுட்டப்படுவதும் ஆசிரியருக்கு உரியவை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகளும் இடம்பெறும் 'ஓப்பன் எடிஷன்' என்னும் மின்னூல் தளத்தில், திரையில் படிக்கக் கட்டணமில்லாமலும் கோப்பாகப் பதிவிறக்கக் கட்டணத்தோடும் உள்ள நூல்கள் பல. அவற்றை 'விலையின்றிப் படிக்கத்தக்கவை' என்று சொல்வதே பொருந்தும்.

ஆடற்கலைக்கு இந்த வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களும் (கையும் காலும் உடலும் இணைந்த ஆடல் அசைவுகள்) கோபுர வாயிற்சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. இன்று அவற்றை யாரும் நின்று பார்க்கலாம். ஆனால் ஒரு கரணத்தில் கால் எங்கு ஊன்றுகிறது, கை எந்த முத்திரையில் முடிகிறது என்பதைப் படத்தோடு விளக்கும் நூல் விலையுயர்ந்ததாக இருந்தால், கல்லில் கண்டது உடலுக்கு வந்து சேராது. காண்பதற்கும் கற்பதற்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவைக் குறைப்பதுதான் அணுக்கம்.

பழைய நாடகங்களின் நிலை வேறு. 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் போன்றவை பதிப்புரிமைக் காலம் முடிந்ததால் பொதுவாயின. இந்தியச் சட்டத்தில் அக்காலம் பொதுவாக ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள். திறந்த அணுக்கமோ, பதிப்புரிமை உள்ளபோதே உரியவர் மனமுவந்து கதவைத் திறந்து வைப்பது.

எந்த அளவுக்குத் திறந்தார் என்பதை நூலின் முதற்பக்கங்களில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிப்பு, அதாவது ஆக்கத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரியவர் முன்கூட்டியே அறிவிக்கும் பொது உரிமத்தின் குறிப்பு, சொல்லும். வணிகப் பயன்பாட்டை அது விலக்கியிருந்தால், கட்டணச் சீட்டு விற்று அந்நாடகத்தை மேடையேற்ற அந்த உரிமம் போதாது. தழுவல்களை விலக்கியிருந்தால், அந்நாடகத்தைப் படிக்கலாம், படியெடுத்து நண்பர்க்குத் தரலாம்; தெருக்கூத்தாக மாற்றி ஆடுவதற்கு மட்டும் உரியவரிடம் தனியே இசைவு பெற வேண்டும்.